கென்னல் காஃப் தடுப்பூசி போடலாமா, விட்டுவிடலாமா? – கேள்வி பதில்

தீபாவளி நெருங்கினாலே எனக்கு ஒரே கேள்வி நாலா பக்கமிருந்தும் வரும். ஊருக்குப் போகிறோம், நாயைப் போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடவேண்டும், கென்னல் காஃப் என்கிற, நாய்க்கு நாய் தொற்றும் இருமலுக்கான தடுப்பூசி போட்டிருந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள், இது நிஜமாகவே தேவையா இல்லை காசு பிடுங்கும் வேலையா என்று. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் கிடையாது. வியாசர்பாடியில் ஒரு நாய் டாக்டரிடம் வருஷக்கணக்கில் கம்பவுண்டராக இருந்தேன், இப்போது கொடுங்கையூரில் சின்னதாக ஒரு போர்டிங் நடத்துகிறேன். நாய்களெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் எனக்கும் தலைவலி குறையும், அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

டைசன் வீடு, ராயபுரம்: அண்ணே, எங்கள் லாப்ரடார் மொட்டை மாடியை விட்டு இறங்காது. காலையில் ஒரு தடவை தெருமுனை வரை, அவ்வளவுதான். வெறிநாய்க்கடி ஊசியும், பல நோய்க்குச் சேர்த்துப் போடும் நைன் இன் ஒன் கூட்டு ஊசியும் வருஷா வருஷம் போடுகிறோம். கென்னல் காஃபும் போடவேண்டுமா?

உங்கள் நாய்க்கு அவசரமில்லை. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நாய், தெரியாத நாய்களோடு மூடின இடத்தில் ஒரே காற்றை மூச்சு விடுகிறதா? போர்டிங், முடி வெட்டும் பார்லர், டாக் ஷோ, பயிற்சி வகுப்பு, கிளினிக்கில் கூட்டமாகக் காத்திருக்கும் பெஞ்சு, இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். தெருமுனையில் இன்னொரு நாயை ஒரு நொடி முகர்ந்துவிட்டு வருவதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் ஷெட்டில் பத்து நாய் நடுவே மூன்று நாள் படுத்திருப்பதும் ஒன்றல்ல. டபிள்யூஎஸ்ஏவிஏ என்கிற, நாய் பூனை மாதிரி சிறு பிராணிகளுக்கான உலகக் கால்நடை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலிலும் இது கட்டாயப் பட்டியலில் இல்லை, வாழ்க்கை முறையைப் பார்த்துப் போடவேண்டிய ஊசிகளில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. கென்னல் காஃப் ஒரே கிருமியால் வருவதில்லை. போர்டடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ், அடினோவைரஸ் இரண்டாம் வகை, இன்னும் சில சேர்ந்தோ தனியாகவோ செய்யும் வேலை அது. நீங்கள் போடும் நைன் இன் ஒன்னில் பாராஇன்ஃப்ளூயன்சாவும் அடினோவும் பொதுவாக இருக்கும். இல்லாதது போர்டடெல்லா. அதனால் டைசன் மொத்தமாகப் பாதுகாப்பில்லாமல் இல்லை.

பிரவுனி அம்மா, கொருக்குப்பேட்டை: நேற்று ராத்திரி பிரவுனி திடீரென்று கக்கிக் கக்கி இருமியது. தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டதோ என்று பயந்துபோய் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை. வெள்ளை நுரைதான் வந்தது.

அக்கா, முதலில் வாய்க்குள் கைவிடாதீர்கள், கடி வாங்குவீர்கள். நீங்கள் சொல்வது கென்னல் காஃப் மாதிரிதான் இருக்கிறது, எல்லாரும் முள் என்றுதான் நினைப்பார்கள். நாய் முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டும், வறட்டு இருமல் வாத்து கத்துவது போல ஒரு சத்தத்தோடு வரிசையாக வரும், கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரையைத் துப்பும். துப்பி முடித்த அடுத்த நிமிஷமே வாலை ஆட்டிக்கொண்டு சோற்றுத் தட்டைப் பார்க்கும். முள்ளோ எலும்போ மாட்டியிருந்தால் அப்படி இருக்காது: முன்னங்காலால் வாயை விடாமல் பிறாண்டும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. அப்படி இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஓடுங்கள்.

சாப்பிட்டு விளையாடும் வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். காய்ச்சல், சாப்பாடு வேண்டாம் என்று ஒதுங்குவது, மூக்கில் பச்சையாகச் சளி, மூச்சு வாங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நிமோனியாவாக மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டும். போகும்போது வெயிட்டிங் ஹாலில் மற்ற நாய்கள் நடுவே உட்காராதீர்கள். ஆட்டோவிலேயே வைத்திருந்து முறை வந்ததும் உள்ளே கூட்டிப்போங்கள்.

ரோமியோ, பெரம்பூர்: ப்ரோ, போன வருஷம் ஊசி போட்டுத்தான் போர்டிங்கில் விட்டேன், அப்படியும் இருமலோடுதான் வந்தான். பின்னே எதற்கு இந்த ஊசி?

கோபம் நியாயம்தான். ஆனால் இந்த ஊசி இருமலே வராது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாத ஊசி. மேலே சொன்ன மாதிரி கிருமிகள் பல, ஊசி அதில் ஒன்று இரண்டைத்தான் பிடிக்கும், பிடிக்கிறதையும் முழுசாகப் பிடிக்காது. லாபம் எங்கே என்றால், வந்தாலும் லேசாக வந்து சீக்கிரம் போகும், நிமோனியா வரை போவது குறையும். ரோமியோ பக் இனம் என்று முன்னொரு தடவை சொன்னீர்கள். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுவிடுவதே பாடு, அதற்கு இருமல் லேசாக வருவதும் பலமாக வருவதும் பெரிய வித்தியாசம். பக், ஷிட்சூ, வயசான நாய், குட்டி, இவை வெளியே தங்கப் போகிறதென்றால் நான் யோசிக்காமல் போடச் சொல்வேன்.

நீங்கள் எப்போது போட்டீர்கள் என்பதையும் பாருங்கள். முதல் நாள் ஊசி, மறுநாள் போர்டிங் என்றால் அது வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை.

ஜிம்மி அப்பா, தண்டையார்பேட்டை: மூக்கில் விடுவது, ஊசியாகப் போடுவது என்று இரண்டு இருக்கிறதாமே, எது நல்லது? எத்தனை நாள் முன்னால் போடவேண்டும்?

மூக்கில் விடுவதற்குத்தான் என் ஓட்டு, குறிப்பாக முதல் தடவை போடுகிறவர்களுக்கு. ஒரே தடவை போதும், கிருமி நுழைகிற வாசலிலேயே எதிர்ப்பை உண்டாக்கும், போர்டடெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு சுமார் மூன்று நாளில் தொடங்கிவிடும். அதிலேயே இருக்கும் பாராஇன்ஃப்ளூயன்சா பாகத்துக்கு மூன்று வாரம் ஆகும். தோலுக்கடியில் போடும் ஊசி என்றால் முதல் வருஷம் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டாகவேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று ஓடி வருகிறவர்களுக்கு அது உதவாது. எதைப் போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடவேண்டும். மூன்று வாரம் முன்னால் போட்டால் உத்தமம், குறைந்தது ஒரு வாரமாவது.

மூக்கில் விடும்போது நாய் சும்மா இருக்காது. தாடையைப் பிடித்து மூக்கை லேசாக மேலே தூக்கி ஒரு துவாரத்தில் அரை மில்லி கூட வராத மருந்தை விடுவோம், விட்ட உடனே தும்மி நம் முகத்தில் பாதியைத் தெளிக்கும், பக்கத்தில் நிற்கும் ஓனர் "அய்யய்யோ, எல்லாம் வீணாப்போச்சு" என்பார். வீணாகவில்லை, மூக்குச் சவ்வில் பட்டதே போதும். கடிக்கிற நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாய்மூடி போட்டபடியே மூக்கில் விட்டுவிடலாம். நாலைந்து நாள் மூக்கு ஒழுகும், தும்மும், சிலது லேசாக இருமும், பயம் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. மூக்கு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி. நாய் ஏற்கெனவே வேறு எதற்காவது ஆன்டிபயாடிக் மாத்திரையில் இருந்தால் அது மருந்தில் உள்ள பாக்டீரியாவையும் கொன்றுவிடும், கோர்ஸ் முடிந்து டாக்டர் சொல்லும் நாளில் போடுங்கள். அப்புறம், அதை ஒருபோதும் ஊசியாகக் குத்தக்கூடாது. கடையில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஊசியில் ஏற்றினால் அந்த இடம் சீழ் பிடிக்கும், ஈரல் வரை கெட்டுப்போகலாம்.

பெயர் வேண்டாம், வண்ணாரப்பேட்டை: வீட்டில் அம்மாவுக்கு கீமோதெரபி நடக்கிறது. நாய்க்கு மூக்கு மருந்து விட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா?

நல்ல கேள்வி, டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய விஷயம். நாய் சில நாள் அந்தக் கிருமியை மூக்கு வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கும். சாதாரண ஆளை அது ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு அபூர்வமாகத் தொற்றலாம். உங்கள் வீட்டுக்கு ஊசி வகையே நல்லது, இல்லை போர்டிங்கே வேண்டாம், சொந்தக்காரர் யாராவது வந்து பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமல் நாயிடமிருந்து வருமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். வராது, அது வேறு கிருமி, இதற்குப் பங்காளி முறை.

மணி, புளியந்தோப்பு: அண்ணே, கையில் ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது. எதைப் போட?

வெறிநாய்க்கடி. யோசிக்கவே வேண்டாம் தம்பி, அது வந்தால் நாயும் பிழைக்காது, கடிபட்டு நோய் வந்துவிட்ட மனுஷனும் பிழைப்பதில்லை. ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநாய்க்கடி தினம்) சமயத்தில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு, விசாரித்து வையுங்கள். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் வெளியே ஆவதைவிடச் செலவு குறைவு, காலையிலேயே போய் சீட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து காசு கிடைத்தால் டிஸ்டெம்பர், பார்வோ என்கிற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த கூட்டு ஊசி. நம் வடசென்னைப் பக்கத்துக்கு எலிக்காய்ச்சல் பாகம் ரொம்ப முக்கியம். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் என்று சுற்றிலும் தண்ணீர், மழை வந்தால் அது தெருவுக்குள் வரும், எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில்தான் நாய் நடக்கிறது, நாமும் நடக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கென்னல் காஃப். மூன்றாவது இடம் அதற்கு.

ஸ்னோயி, திருவொற்றியூர்: எங்கள் பொமரேனியனுக்கு 9 வயசு. மாசக்கணக்கில் இருமுகிறது, சங்கிலி பிடித்து இழுத்தால் அதிகம். கென்னல் காஃப் ஊசி போட்டால் நிற்குமா?

நிற்காது. மாசக்கணக்கில் இருக்கிற இருமலுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் குறைவு. பொமரேனியனில் மூச்சுக்குழாய் தளர்ந்துபோவது சகஜம், அதுவும் அதே வாத்துச் சத்தம்தான் போடும், கழுத்துப்பட்டை அழுத்தினால் கூடும். ராத்திரி படுத்த பிறகு இருமினால், நாலு படி ஏறினாலே களைத்தால், இதயத்தையும் பார்க்கவேண்டும். எக்ஸ்ரே எடுங்கள். இன்றைக்கே கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். மேரி பிஸ்கட்டையும் நிறுத்துங்கள், குண்டாக இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

ராணி வீடு, மணலி: இங்கே கம்பெனிப் புகை. அதில் இருமுகிறதா, தொற்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புகை தொண்டையை அறுக்கும், வந்த இருமலை ஆறவிடாது. போகியன்று டயர் கொளுத்துகிற புகையிலும் தீபாவளிப் புகையிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் புகை ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றாது. ஒரு நாய் இருமத் தொடங்கி நாலைந்து நாள் கழித்து, வீட்டிலேயே இருக்கும் இரண்டாவது நாயும் ஆரம்பித்தால் தொற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுத் தம்பி: நான் தினமும் ஹார்பர் பக்கம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். ஒரு குட்டி இருமுகிறது, கண்ணில் பீளை. அவற்றுக்கும் மூக்கு மருந்து விடலாமா?

விடவேண்டாம், பிடிக்கப்போய்க் கடிபடுவதுதான் மிச்சம். உங்கள் காசும் உழைப்பும் அவற்றுக்கு வெறிநாய்க்கடி ஊசிக்கும் கருத்தடைக்கும் போகட்டும். அந்தக் குட்டி சொல்வது வேறு கதை. இருமலோடு கண்ணில் பீளை, சோர்வு, வயிற்றுப்போக்கு சேர்ந்தால் முதல் சந்தேகம் டிஸ்டெம்பர். பின்னாடி தலையோ காலோ தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். அதைத் தனியாக வைத்து உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் நாய் இருந்தால், வெளியே வைக்கும் தட்டு வேறு, வீட்டுத் தட்டு வேறு, உள்ளே நுழையுமுன் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையையும் மாற்றிக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கிவந்த குட்டி வந்த வாரமே இருமுகிறது என்கிறவர்களுக்கும் இதே பதில்.

பாட்டி கேட்கச் சொன்னார், எர்ணாவூர்: துளசி, மிளகு, தேன் கொடுக்கலாமா? பேரனின் இருமல் சிரப்?

வளர்ந்த நாய்க்கு ஒரு சின்ன ஸ்பூன் தேன் தப்பில்லை, மிளகு வேண்டாம். சிரப் கூடவே கூடாது. பாராசிட்டமால் கலந்தது ஈரலைக் கெடுக்கும், சைலிட்டால் இனிப்பு சேர்த்தது உயிரையே வாங்கும். நெஞ்சில் விக்ஸ், கற்பூரத் தைலம் தடவுவதும் வேண்டாம், நக்கித் தின்றுவிடும், கற்பூரம் நாய்க்கு விஷம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் பத்து நிமிஷம் கூடவே உட்காருங்கள், அது நல்லது.

டைகர், மாதவரம்: மாநகராட்சி லைசென்ஸுக்கு இந்த ஊசி வேண்டுமா?

வேண்டாம். ஊசிகளில் வெறிநாய்க்கடி ஊசிச் சான்றுதான் கேட்பார்கள்.

சீசர், கொளத்தூர்: இருமல் நின்று நாலு நாள் ஆகிவிட்டது. இப்போது போர்டிங்கில் விடலாமா?

என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். இருமல் நின்ற பிறகும் நாய் வாரக்கணக்கில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். நின்ற நாளிலிருந்து இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள், பூங்காவுக்கும் கூட்டிப்போகாதீர்கள். ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்றால் நாய் இல்லாத வீட்டுச் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே விடுங்கள். போர்டிங்கில்தான் விடுவேன் என்றால் இருமல் இருந்ததை முதல் போனிலேயே சொல்லுங்கள், தனி அறை இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.