மலையூர் வெந்நீர்: வாசகர் கேள்வி – பதில்

கணவரின் வேலைக்காக ஒன்பது வருடம் ஜப்பானில், நாகானோ நகரத்தில் குடியிருந்தேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மலையில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர்களைப் பற்றித்தான் கேட்டிருந்தன. ஜப்பானியர் ‘ஒன்சென்’ என்பார்கள். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கின்சான் ஒன்சென் படங்களைப் பார்த்துவிட்டு அங்கேதான் போகவேண்டும் என்கிறாள் மகள். கையில் இருப்பது இரண்டு இரவு. அங்கேயே போகலாமா, வேறு ஊர் சொல்வீர்களா?
– கோவை வாசகர்

கின்சான் அழகான ஊர், அதில் சந்தேகமே இல்லை. யமகதா மாகாணத்தில், ஒரு சின்ன ஆற்றின் இரண்டு கரையிலும் மூன்று நான்கு மாடி மர விடுதிகள். 1913 வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போன பிறகு எழுந்தவை. பனி விழும் அந்தியில் விளக்கேற்றினால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஊரே ஒரு தெருதான். குளிர்கால அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். அறை கிடைக்காதவர்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கி, அந்தக் குறுகிய தெரு தாங்காமல், 2024–25 குளிர்காலத்தில் மாலைக்கு மேல் வெளியாட்கள் வருவதற்குக் கட்டுப்பாடே வைத்தார்கள். அறை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் படம் பிடிப்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போகவேண்டாம். குளிக்காமல் திரும்பினால் அந்த ஊருக்குப் போனதாகவே நான் கணக்கில் வைக்கமாட்டேன்.

என்னைக் கேட்டால் நொசாவா ஒன்சென் என்பேன். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஈயாமா நிலையம், இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். பனிச்சறுக்கு ஊர் என்பதால் டிசம்பர் கடைசியில் அங்கேயும் கூட்டம் உண்டு, இன்றைக்கே அறை பாருங்கள். ஆனால் தெருக்கள் பல, விடுதிகளும் நிறைய.

அங்கே தெருமுனைகளில் மொத்தம் பதின்மூன்று குளியல் கூடங்கள் இருக்கின்றன. ‘சோதோயு’ என்று பெயர். மரக்கதவைத் தள்ளித் திறந்தால் துணி வைக்க ஒரு பலகைத் தட்டு, அதே அறையில் தொட்டி, அவ்வளவுதான். டிக்கெட் இல்லை. வாசலில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருக்கும், அதில் நாமாக நாணயம் போடவேண்டும். நகராட்சி கட்டிக்கொடுத்தது என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு கூடத்துக்கும் சுற்றியுள்ள வீடுகள் சேர்ந்த ஒரு குழு உண்டு. ‘யு நகாமா’ என்பார்கள், வெந்நீர்க் கூட்டாளிகள். முறை வைத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும், மின்கட்டணம் கட்டுவதும் அவர்கள்தான். நாம் நுழைவது அவர்கள் வீட்டுக் குளியலறைக்குள். இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே கைபேசியைக் கையில் எடுக்கவே கூடாது.

நானும் தெரியாமல் ஒரு தப்பு செய்தேன். ஊர் நடுவில் ‘ஓயு’ என்ற பெரிய கூடம் இருக்கிறது. இரண்டு தொட்டி, ஒன்று சூடு, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. குறைந்ததிலேயே என்னால் காலை வைக்க முடியவில்லை. குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உள்ளே வந்த ஒரு பாட்டி, பேச்சில்லாமல் குழாயை மூடினார். தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு என் பாதத்தில் ஊற்றினார். பிறகு முழங்கால், இடுப்பு, தோள். பத்து வாளி இருக்கும். ‘இப்போது இறங்கு’ என்று மோவாயால் காட்டினார். இறங்கினேன், சூடு தாங்கிற்று. என் பின்னால் வருகிறவர்களுக்கும் அந்தத் தண்ணீர் ஆறிப்போகாமல் இருக்கவேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே ‘ஓகாமா’ ஊற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிட்டத்தட்ட 90 டிகிரி. ஊர்க்காரர்கள் அதில் கீரையும் முட்டையும் வேகவைப்பார்கள். வெளியாட்கள் வேலிக்கு இப்பால்தான் நிற்கவேண்டும், விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

துணியில்லாமல்தான் இறங்கவேண்டுமாமே? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. வேறு வழி உண்டா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மதுரை வாசகி

ஆமாம், துணியில்லாமல்தான். நீச்சலுடையைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை. ஆண், பெண் தனித்தனி. கலந்து குளிக்கும் பழைய கூடங்கள் சில வடக்கு மலைகளில் இன்னும் இருக்கின்றன, அங்கே நீங்கள் போகவேண்டியதில்லை.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. நாகானோவுக்குப் போய்ப் பதினோரு மாதம் நான் எந்தக் கூடத்துக்குள்ளும் நுழையவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிரசவம், வயிற்றில் சிசேரியன் தழும்பு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே கூன் விழுந்த முதுகுகள், சுருங்கிய தோல், முழங்காலில் அறுவைத் தழும்பு. ஒரு மார்பை எடுத்துவிட்ட பாட்டி ஒருவர் என் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருடம் முள்ளங்கி சரியாகவே இறங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நானும் முள்ளங்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என் தழும்பு எனக்கு மறந்துபோனது. அதன் பிறகு ஒரு குளிர்காலத்தையும் நான் விட்டதில்லை.

முறை இதுதான். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழு உடம்பையும் தேய்த்துக் கழுவி, நுரை துளியும் இல்லாமல் அலசவேண்டும். விடுதிகளில் இதற்கு வரிசையாகக் குழாய் இருக்கும். சோதோயு மாதிரி இடத்தில் வாளி மட்டும்தான், அதனால் அறையிலேயே குளித்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகே தொட்டி. தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்க அல்ல. முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு இழைகூடத் தண்ணீரில் படக்கூடாது. கைத்துண்டையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். சில விடுதிகளில் ஆண் பெண் பக்கங்களை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள், காலையில் வாசல் திரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? பல விடுதிகளில் ‘கஷிகிரி’ என்று கேட்டால் முக்கால் மணி நேரம் போலக் குடும்பத்துக்குத் தனித் தொட்டி தருவார்கள். முதல் நாள் அதில் பழகுங்கள்.

விடுதியில் தரும் யுகாத்தா உடையைக் கட்டும்போது இடப்பக்கத்து மடிப்புதான் மேலே வரவேண்டும். வலது மேலே வருவது சவத்துக்குக் கட்டும் முறை. யாரும் சொல்லமாட்டார்கள், பார்த்துச் சங்கடப்படுவார்கள்.

தாலியைக் கழற்றாமல் குளிக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

தங்கச் சங்கிலியில் கோத்திருந்தால் கழற்றத் தேவையில்லை, நான் ஒருநாளும் கழற்றியதில்லை. கலப்பு உலோகத்தால் கொஞ்சம் மங்கலாம், துடைத்தால் போகும். மஞ்சள் கயிறாக இருந்தால் அதோடு தொட்டியில் இறங்காதீர்கள். சாயம் எல்லாரும் ஊறும் தண்ணீரில் இறங்கும். ஊரிலேயே சங்கிலிக்கு மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

வெள்ளிதான் பிரச்சினை. கந்தக ஊற்றில் மெட்டியும் கொலுசும் கறுத்துவிடும். குன்மா மாகாணத்துக் குசாட்சுவில் என் மெட்டி ஒரே குளியலில் கரியாயிற்று. அந்த ஊர்த் தண்ணீரே தனி. நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகப் பொங்குகிறது, ஆணியைக் கரைக்கும் அளவுக்கு அமிலம். கீழே ஆறு கெடாமல் இருக்க 1964 முதல் சுண்ணாம்பு கரைத்து விடுகிறார்கள். கொதிப்பைத் தணிக்கப் பச்சைத்தண்ணீர் கலந்தால் ஊற்றின் வீரியம் போய்விடும் என்று, ஆளுயரப் பலகைகளால் தொட்டியைத் துழாவி ஆற்றுவார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே.

நாங்கள் சுத்த சைவம். விடுதிச் சாப்பாட்டை நம்பலாமா?
– கும்பகோணம் வாசகர்

சொல்லிவைக்காமல் நம்பாதீர்கள். காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரியும் கிண்ணத்திலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும், அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அதேதான். அறை பதியும்போதே, மீன் தாஷியும் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் ‘சுதோமாரி’, அதாவது சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுங்கள். நொசாவாவில் ஆவியில் வெந்த, சிவப்புப் பயறு வைத்த ‘மஞ்சூ’ என்ற மாவுப் பலகாரம் கிடைக்கும். நாகானோவில் எங்கும் ‘ஓயாகி’ உண்டு, பூசணியோ கத்தரிக்காயோ உள்ளே வைத்த மாவு உருண்டை. இருந்தாலும் உள்ளே என்ன என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். கையில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தால், வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

அப்பாவுக்கு 74 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அழைத்துப் போகலாமா?
– சேலம் வாசகர்

அவருடைய மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். குளிர்ந்த உடைமாற்றும் அறையிலிருந்து சுடுநீருக்குச் சட்டென்று போவதும், தொட்டியிலிருந்து சட்டென்று எழுவதும்தான் முதியவர்களைத் தள்ளாட வைக்கிறது. தனியாக விடாதீர்கள். சாப்பிட்டவுடனும், மது குடித்த பிறகும் கூடாது. மருத்துவர் வேண்டாம் என்றால் வருந்தவேண்டாம், பல ஊர்களில் கால் மட்டும் வைத்து உட்காரும் ‘ஆஷியு’ இருக்கிறது. வேட்டியை முழங்கால்வரை மடித்துக்கொண்டு அவர் உங்களோடு உட்காரலாம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நாற்பது வருடமாக விட்டதில்லை. அங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா?
– திருநெல்வேலி வாசகர்

கூடாது. எவ்வளவு சீயக்காய் போட்டாலும் எண்ணெய் விடாது, பத்துப் பேர் ஊறும் தொட்டியில் படலமாக மிதக்கும். அந்த ஒரு சனிக்கிழமை ஊற்று நீர் போதும். எண்ணெயை ஊருக்கு வந்து அடுத்த சனிக்கிழமை தேய்த்துக்கொள்ளுங்கள்.