பதில்: புது டாக்டர்களுக்கு நோயாளியின் வலி தெரியவில்லை

வணக்கம் டாக்டர். உங்கள் குடியாத்தம் பல் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த இருவரும் "வலிக்குதா?" என்று கேட்டால் நோயாளிகள் "இல்ல சார்" என்கிறார்கள், வெளியே போய் உங்களிடம் புலம்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் மிரரும் எச்சில் உறிஞ்சும் சக்‌ஷனும் இருக்கும்போது பீடி சுற்றும் அம்மா என்ன பதில் சொல்வார்? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தலையைத்தான் ஆட்டுவார். தொடங்கும் முன்பே, "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லட்டும். தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் விட்டால் அப்புறம் அந்தக் கை எழாது.

என் ஜூனியர்களை ஒரு வாரம் அசிஸ்டென்ட் பக்கம் சும்மா நிற்க வைத்தேன். பல்லைப் பார்க்கக் கூடாது. சுருங்கும் புருவம், நாற்காலிக் கையை இறுக்கும் விரல்கள், மடங்கும் கால் கட்டைவிரல், இவைதான் பாடம். நம் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுகிறார்கள், அது ஒரு வசதி.

நோயாளி சொல்லும் வார்த்தையும் முக்கியம். "கூசுது" வேறு, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல" வேறு. இரண்டாவது பெரும்பாலும் பல்ப் அழற்சி, அதாவது பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் சதையில் வரும் அழற்சி. அப்படிப்பட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லில், மரப்பு ஊசி போட்டு உதடு மரத்துப்போனாலும் பல் மரக்காமல் இருக்கலாம். டிரில்லைத் தொடும் முன் குளிர்ச்சி வைத்துப் பார்க்கட்டும், உணர்ந்தால் கூடுதல் மரப்பு மருந்து கொடுக்க வேண்டியதுதான். "மரத்துப்போச்சே, ஏன் துள்றீங்க?" என்று அதட்டுகிறவர்கள் உண்டு. படிக்கிற காலத்தில் நானும் அதட்டியவன்தான்.