மூக்கை நம்பி ரிக்கில் ஏறலாமா?

கேள்வி: என் தம்பிக்கு ஓமனில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஹெல்பர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே விஷவாயு வரும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், அவர் பல வருஷம் ரிக்கில் இருந்தவர். தம்பியோ, "அழுகின முட்டை நாத்தம் வந்தா ஓடிட வேண்டியதுதானே" என்கிறான். அது போதுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: போதாதும்மா. அந்த வாயு ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவை எட்டினால், சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, அப்பாடா என்று மூச்சு விடுகிற அந்த நேரம்தான் மோசமான நேரம். 1000 பிபிஎம் பக்கம் போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார்.

அதனால் சட்டையில், மூக்குக்குக் கிட்டே, சின்ன மீட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பெரும்பாலும் 10 பிபிஎம்மிலேயே அலறும். தம்பி அதைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும். அலாரம் அடித்தால் முதலில் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசைக்கு, முடிந்தால் மேடான இடத்துக்குப் போக வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். தோண்டும்போது கிணற்றுக்குள் செலுத்தித் திரும்பி வரும் சேறு அதிர்ந்து சலிக்கப்படுகிற ஷேல் ஷேக்கர் பக்கமும் கவனம் வேண்டும், சேற்றோடு வந்த வாயு அங்கேதான் வெளியே வரும். தாடி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், சுவாசிக்கச் சுத்தமான காற்று தரும் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. முக்கியமாக, கூட இருப்பவன் விழுந்தால் அந்த மாஸ்க் இல்லாமல் தூக்கப் போகக் கூடாது. நம் ஊர் மலக்குழிச் சாவுகளில் இரண்டாவது, மூன்றாவது ஆள் இப்படித்தானே போகிறார்கள்.

அப்புறம், காது. ரிக் இரைச்சலில் வருஷக்கணக்கில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும். விமானம் ஏறும் முன்பே காதையும் நுரையீரலையும் சோதித்து, ரிப்போர்ட்டில் ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அதுதான் பேசும்.

கேள்வி: ஆபத்தெல்லாம் வேலை செய்பவர்களுக்குத்தானே, சுற்றியிருக்கும் ஊருக்கு என்ன?
– வாசகர், திருவாரூர்

பதில்: சீனாவில் சோங்சிங் பக்கம் கைசியான் என்ற இடத்தில், 2003 டிசம்பர் 23 இரவு, தோண்டிக்கொண்டிருந்த எரிவாயுக் கிணறு பீறிட்டது. செத்தவர்கள் 243 பேர். பெரும்பாலும் ரிக் ஆட்கள் அல்ல, சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள். அதே ஹைட்ரஜன் சல்பைடு கலந்து வந்த வாயுவை உடனே கொளுத்திவிட்டிருந்தால் அத்தனை சாவு இருந்திருக்காது. மறுநாள்தான் கொளுத்தினார்கள். நம் நாட்டிலேயே அசாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் ஒரு கிணறு வெடித்துக் கிளம்பியது, ஜூனில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள், பக்கத்து மாகுரி ஈரநிலத்தில் எண்ணெய் படிந்து மீன் செத்து மிதந்தது. அடைத்து முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் கிணறு இருந்தால், சைரன் அடித்தால் எந்த வழியாக, எங்கே போவது என்று கிராமசபையில் எழுத்தில் கேட்டு வையுங்கள்.