கேள்வி-பதில்: ஓய்வுக்காலத்துக்கு இரண்டாவது வீடு

விடுமுறைக்குப் போன இடத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு. மூன்று நாள் தங்கினோம், திரும்பி வரவே மனசில்லை. ஓய்வுபெற இன்னும் எட்டு வருஷம். முன்பணம் கொடுக்கலாமா?

இப்போது கொடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே அலுத்துக்கொள்ளும் பருவம் ஒன்று இருக்கும். அப்போது போய் ஒரு மாதம் வாடகைக்குத் தங்குங்கள். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் கான்கிரீட் வெடித்து உதிரும். கூரையின் அடிப்பக்கத்தையும் தூண்களையும் உற்றுப் பாருங்கள். புதிதாக வண்ணம் அடித்திருந்தால், அதே வயசுள்ள பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

வீடியோவில் பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் கட்டிவிட்டேன். இனி என்னென்ன கவனிக்க வேண்டும்?

கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மீதியைக் கட்டும் முன்பாவது நேரில் போங்கள்.

'மருத்துவமனை 10 நிமிடத்தில்' என்று விளம்பரத்தில் இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் எனக்கும் அந்தப் பயம் உண்டு. இதை நம்பி வாங்கலாமா?

இந்த வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. எந்த மருத்துவமனை? எத்தனை மணிக்குக் கிளம்பினால் 10 நிமிடம்? ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம். ஆனால் அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். கசிவு இருப்பவருக்கு அந்த மருந்து உயிரையே பறித்துவிடும். ஸ்கேன் இல்லாத மருத்துவமனை எதிர்வீட்டிலேயே இருந்தாலும் உங்களுக்கு உதவாது. நீங்களே போய்க் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் உண்டா, பார்த்துச் சொல்ல மருத்துவர் உண்டா, ஆம்புலன்ஸ் எங்கிருந்து வர வேண்டும்? பிறகு வீட்டு வாசலிலிருந்து மாலை நெரிசலில் ஒருமுறை, கொட்டுகிற மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 75 வயதில் வண்டியை நீங்கள் ஓட்டப்போவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மலைச்சரிவில் நல்ல விலைக்கு வீடு வருகிறது. இப்போதே வாங்கி, ஓய்வுபெறும்வரை பூட்டி வைக்கலாமா?

நான் அப்படிப் பூட்டி வைத்தவன். 46 வயதில் வாங்கினேன். சாலையிலிருந்து வாசலுக்கு 38 படி. "ஏறி இறங்கினால் உடம்புக்கு நல்லது" என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த வருஷம், அவரை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. நஷ்டத்துக்கு விற்றேன்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சரிவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பூட்டிய வீட்டில் கழிவுக்குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும், அந்த வழியாக நாற்றமும் பூச்சியும் உள்ளே வரும். பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் வீடு 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்பு குறைந்துவிடும். அந்தப் பிரிவைப் படிக்காமல் பூட்டாதீர்கள்.

முதியோர் குடியிருப்பு என்று சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினேன். மருத்துவ அறை, பொதுச் சமையற்கூடம், இரவுக் காவல் எல்லாம் உண்டு என்று பிரசுரத்தில் இருந்தது. குடிவந்து இரண்டு வருஷமாக எதுவும் இல்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதாமாதம் கேட்கிறார்கள். என் முட்டாள்தனம்தானே?

இல்லை அம்மா. அச்சடித்துக் கொடுத்ததை நம்பினீர்கள், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அந்தப் பிரசுரம்தான் இப்போது உங்கள் சாட்சி. அதையும் ரசீதுகளையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள், ஒப்பந்தத்தை மீறியதாக உங்கள்மேலேயே திருப்புவார்கள். ஆட்சேபத்தோடு கட்டுவதாக ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு உண்டு, அதனால் வழக்கறிஞரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். அங்கே இதே பிரசுரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் வேறு பலரும் இருப்பார்கள். தனியாகப் போக வேண்டாம், இன்று மாலையே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.