ஆட்டம் இல்லாத மாதங்களிலும் ஃபுட்பாலையே தொடரும் மகன்: டெக்சாஸ் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

பதினோராம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகன், அமெரிக்கன் ஃபுட்பால் பருவம் ஜனவரியிலேயே முடிந்துவிட்ட பிறகும், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக அணியில் அடுத்து யார் சேரப்போகிறார்கள், யார் விலகப்போகிறார்கள் என்பதையே காலையும் இரவும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது உங்கள் கணவரின் கருத்து. விளையாட்டு மேலாண்மைதான் படிப்பேன் என்று அவன் சொல்லத் தொடங்கியிருப்பது உங்கள் கவலை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். அவன் நேரத்தை வீணாக்குகிறானா என்பது ஒன்று. அவன் விரும்பும் படிப்பு சோறு போடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதைத் தொடுவதில் பயனில்லை.

ஆட்டம் இல்லாத மாதங்கள் என்பது மைதானத்தில் அமர்ந்திருப்பவரின் கணக்கு. அணியை நடத்துபவர்களுக்கு அதுவே உச்ச வேலைக்காலம். உயர்நிலைப்பள்ளி வீரர்கள் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாட்கள் 2017 முதல் டிசம்பரில் வருகின்றன. அதனால் பிப்ரவரி முதல் புதன்கிழமை என்ற பழைய கையெழுத்து நாள் இப்போது பெரும்பாலும் சம்பிரதாயமாகிவிட்டது. 2018-இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வீரர்கள் கல்லூரி மாறுவது முன்பு குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் என இரண்டு முறை நடந்தது. 2026-இல் அது ஜனவரி 2 முதல் 16 வரையிலான ஒரே சாளரமாகச் சுருங்கியது. ஏப்ரல் இறுதியில், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சியாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று வீரர்களைப் பார்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் மாணவர்கள் பல்கலைக்கழகச் செலவில் வளாகங்களைப் பார்வையிட வருகிறார்கள். இத்தனைக்கும் மேலாக, 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறலாம் என்றானது. கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே தம் வீரர்களுக்கு நேரடியாக வருவாய்ப் பங்கு தருகின்றன. 2025-26 கல்வியாண்டில், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் அதற்கு உச்சவரம்பு. ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் அதனோடு வந்தது. ஆகவே யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரை விடுவது, எந்த இடத்துக்கு அனுபவசாலியை வெளியிலிருந்து கொண்டுவருவது, எந்த இடத்துக்குப் பள்ளி மாணவனை எடுத்து மூன்றாண்டு வளர்ப்பது என்பவை இன்று பொருளாதார முடிவுகள். கல்லூரி அணிகள் பொது மேலாளர் என்ற பதவியை உருவாக்கத் தொடங்கியதன் காரணமும் இதுவே. முன்னாள் என்எஃப்எல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்துபவர்) ஆண்ட்ரூ லக் 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் அணிக்கு அப்படித்தான் பொறுப்பேற்றார்.

உங்கள் மகன் பின்தொடர்வது இந்த முடிவுகளை. அவன் எப்படிப் பின்தொடர்கிறான் என்பதை, நீங்கள் படமெடுத்து அனுப்பிய எக்செல் தாளில் பார்த்தேன். 2025 டிராஃப்டில் ஒன்பதாவதாகத் தேர்வான கெல்வின் பேங்க்ஸ் விட்டுச்சென்ற லெஃப்ட் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வீரர்) இடத்துக்கு ட்ரெவர் கூஸ்பி வருவார் என்று எழுதி, முந்தைய டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராக, டெக்சாஸ் ஆடும் எஸ்இசி லீக்கின் இறுதிப் போட்டியில் பேங்க்ஸ் ஆட முடியாதபோது கூஸ்பியே களமிறங்கினார் என்பதைக் காரணமாகக் குறித்திருக்கிறான். கணிப்பு பலித்தது, ஆனால் என்னை நிறுத்தியது அதற்குக் கீழே உள்ள வரி. அங்கே பொய்த்துப்போன ஒரு கணிப்பை அழிக்காமல் விட்டு, பக்கத்துக் கட்டத்தில் ‘பணம்தான் காரணம், ஆட்டம் அல்ல’ என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறான். தன் தவறான கணிப்பைப் பத்திரப்படுத்தும் பதினேழு வயதுப் பையன்களை நான் அதிகம் கண்டதில்லை. பொழுதுபோக்காகப் பார்ப்பவனுக்கு அந்தக் கட்டம் தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும் இதை வைத்துக்கொண்டு மட்டும் தொழிலை முடிவு செய்துவிட முடியாது. இளம் வீரர்களை மதிப்பிடும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை அவன் உண்மையில் உணர்ந்திருக்கிறானா என்று பார்க்க, 2025 டிராஃப்டையே எடுத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். சவுத்லேக் கரோல் பள்ளியின் குவார்ட்டர்பேக் குவின் யூயர்ஸுக்கு, பள்ளி வீரர்களை நட்சத்திரங்களால் மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் தளத்தின் கூட்டு மதிப்பீட்டில் முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. பள்ளி மாணவர்கள் விளம்பர வருவாய் பெற டெக்சாஸ் விதிகள் இடம் தராததால், கடைசி ஆண்டைத் துறந்து 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சென்றார். அங்கே ஒரு பாஸ்கூட வீசாமல் டெக்சாஸுக்குத் திரும்பி, 2023, 2024 பருவங்களில் அணியைத் தேசிய அரையிறுதி வரை கொண்டுசென்றார். அதே மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தெற்கே உள்ள வெஸ்ட் கொலம்பியாவில், பந்தை அதிகம் வீசாத ஆட்டமுறை கொண்ட பள்ளி அணியில் விளையாடிய குவார்ட்டர்பேக் கேம் வார்டுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. சான் ஆண்டோனியோவின் இன்கார்னேட் வேர்ட், பிறகு வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று நகர்ந்தார். 2025 ஏப்ரலில் முதல் ஆளாக டென்னஸி டைட்டன்ஸ் தேர்ந்தெடுத்தது வார்டை. யூயர்ஸ் ஏழாவது சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டவுடன் ‘நட்சத்திர மதிப்பீடு எல்லாம் வீண்’ என்று உங்கள் மகன் சொன்னால், அது ரசிகனின் பேச்சு. ஒரு மதிப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் தருவது, டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை மனத்தில் வைத்துத்தான். மொத்தமாகப் பார்த்தால் உயர்ந்த மதிப்பீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் தேர்வாகவே செய்கிறார்கள். எந்த வகை வீரரிடம், எந்தச் சூழலில், எதைப் பார்க்கத் தவறியதால் மதிப்பீடு பிசகுகிறது என்று அவன் கேட்கத் தொடங்கினால், அதற்கு ஊதியம் தரும் வேலைகள் உண்டு.

எனவே இந்தக் கோடையில் அவனுக்கு ஒரு பணி தரலாம் என்று கருதுகிறேன். கல்லூரி ஃபுட்பால் தரவுகளை இலவசமாகத் தரும் காலேஜ்ஃபுட்பால்டேட்டா என்ற தளத்திலிருந்து, 2019 முதல் 2021 வரை டெக்சாஸ் அணி எடுத்த பள்ளி வீரர்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளட்டும். அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் அதே அணியில் இருந்தார்கள், எத்தனை பேர் தொடக்க வரிசையில் ஆடினார்கள், விலகியவர்கள் எங்கே போனார்கள் என்று பைத்தான் மொழியிலோ ஆர் மொழியிலோ கணக்கிட்டு, நான்கு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரையாக எழுதட்டும். நீங்களும் உங்கள் கணவரும் தினமும் ‘முடித்தாயா’ என்று கேட்க வேண்டாம். ஜூலை நடுப்பகுதிக்குள் ஒரு கரட்டு வரைவாவது வந்திருந்தால் அவன் செய்பவன். அதுவரையும் பிறர் எழுதியதை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது நல்ல பொழுதுபோக்கு, பொழுதுபோக்காகவே இருக்கட்டும், அதிலும் வெட்கப்பட ஏதுமில்லை. பின்னாளில் கல்லூரியில் சேர்ந்ததும், என்எஃப்எல் ஆண்டுதோறும் நடத்தும் பிக் டேட்டா பவுல் போட்டியில் வீரர்களின் நகர்வுத் தரவை வைத்து ஆய்வு சமர்ப்பிக்கலாம். பங்கேற்றவர்களில் பலர் அணிகளின் பகுப்பாய்வுப் பிரிவுகளில் வேலை பெற்றிருக்கிறார்கள்.

படிப்பைப் பற்றி என் கருத்து வெளிப்படையானது: விளையாட்டு மேலாண்மையை முதற்பட்டமாக எடுப்பதைவிட, புள்ளியியல், பொருளாதாரம், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, விளையாட்டை அருகில் வைத்துக்கொள்வது அவனுக்குப் பாதுகாப்பு. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் ஹூஸ்டனில் உள்ள ரைஸிலும் விளையாட்டுப் பகுப்பாய்வுக்கென்றே இளநிலைப் பட்டம் இருக்கிறது. அவை தரமானவை, ஆனால் இரண்டும் தனியார், கட்டணமும் அதற்கேற்ப. மேலும் இந்தத் துறையில் பதவி நிலையற்றது. 2025 பருவத்தில் மேல்மட்டப் பிரிவில் 136 அணிகளே இருந்தன, அந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் பென் ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின், லூசியானா ஸ்டேட்டின் (எல்எஸ்யூ) பிரையன் கெல்லி ஆகிய புகழ்பெற்ற பயிற்சியாளர்களே நீக்கப்பட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் போனால், அவர் சேர்த்த ரெக்ரூட்டிங் (வீரர்களைத் தேடிச் சேர்க்கும்) ஊழியர்களில் பலரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புள்ளியியல் தெரிந்தவனுக்கு அன்றைக்கு வேறு கதவுகள் இருக்கும்.

கல்லூரித் தேர்வில்தான் அவன் தடுமாறக்கூடும் என்று அஞ்சுகிறேன். தான் நேசிக்கும் அணியின் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் வகுப்புத் தரவரிசை அடிப்படையில் ஆஸ்டின் தரும் தானியங்கிச் சேர்க்கை, 2026 இலையுதிர்ப் பருவத்திலிருந்து வகுப்பின் முதல் 6 சதவீதத்தினர் என்பதிலிருந்து முதல் 5 சதவீதத்தினர் எனச் சுருங்கிவிட்டது. நீங்கள் எழுதியபடி அவன் முதல் 9 சதவீதத்தில் இருந்தால் அந்த வழி அவனுக்குத் திறக்காது. திறந்தாலும், பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாவதால் கேட்ட பாடப்பிரிவில் இடம் உறுதியாகிவிடாது. கணினி அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் போட்டி கடுமை. எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் அவர்கள் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்த அணி பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்கும் ஆண்டிலும் அங்கே படிக்க விருப்பமா என்று அவனிடம் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் என்று பட்டியலை விரிவாக்குங்கள். எங்கே சேர்ந்தாலும், ரெக்ரூட்டிங் அலுவலகத்தில் மாணவ உதவியாளராகவும், வீடியோ பிரிவில் கேமரா பிடிப்பவராகவும் சேர வாய்ப்புக் கேட்கலாம். இந்தத் துறையில் பலர் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். பெரிய அணியைவிடச் சிறிய அணியில் முதலாண்டு மாணவனுக்கு உண்மையான வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் இன்னும் எச்-1பி விசாவிலும் மகன் உங்களைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவிலும் இருந்தால், வளாகத்துக்குள்ளும் அவன் சம்பளம் பெற்று வேலை செய்ய முடியாது. 21 வயதில் அந்த நிலையும் முடிந்துவிடும். எஃப்-1 மாணவனாக மாறினால், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்தில் பணியாற்றலாம். எப்போது மாறுவது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள், பன்னிரண்டாம் வகுப்பின் பரபரப்பில் அது தள்ளிப்போய்விடும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பள்ளி வீரர்களுக்கு ‘எங்கள் அணிக்கு வா’ என்று அவன் சமூக ஊடகத்தில் செய்தி அனுப்பக் கூடாது. ரசிகர் ஒருவரின் அத்தகைய தொடர்பு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகளின்படி அணிக்கே சிக்கலாகலாம். தவிர, மறுமுனையில் இருப்பவன் இவன் வயதுப் பையன், முடிவை மாற்றிக்கொண்டதற்காக ஆயிரம் அந்நியர்களிடம் வசை கேட்டுக்கொண்டிருப்பவன். மற்றொன்று பந்தயம். டெக்சாஸில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை என்றாலும், பந்தயத்தை ஒத்த செயலிகள் அவன் கைப்பேசியில் விளம்பரமாக வந்துகொண்டே இருக்கும். கல்லூரி விளையாட்டுத் துறையில் பணியாற்றுபவர்கள் பந்தயம் கட்டுவதை என்சிஏஏ தடை செய்கிறது. தொடங்காத தொழிலை இருபது டாலருக்காக முடித்துக்கொள்ள வேண்டாம் என்று அவன் தந்தையே சொல்லட்டும். கைப்பேசியைப் பறிப்பதைவிட இந்தப் பேச்சு அவருக்கு எளிதாகவும் இருக்கும்.

ஆஸ்டினுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள (எர்லி ஆக்‌ஷன்) விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள் கடந்த இரண்டு ஆண்டுகளில் அக்டோபர் 15 ஆக இருந்தது. கோடைக் கட்டுரையை ஜூலைக்குள் எழுதி முடித்தால், விண்ணப்பத்தில் அதைப் பற்றி எழுத அவனுக்கு இரண்டு மாத அவகாசம் கிடைக்கும். முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், கணக்கிட்ட நிரலையும் சேர்த்து.