மாணவர் இதழ் விவகாரத்தில் புது டீன் என்ன செய்யலாம்?

வணக்கம். தகவல் தொடர்பியல் கல்லூரிக்கு டீனாக வந்த கையோடு, மாணவர் இதழில் வந்த கட்டண உயர்வுச் செய்தியை நீக்கச் சொல்லித் துணைவேந்தர் அலுவலகம் நெருக்குகிறது, இதழியல் துறை கூடாது என்கிறது, விளம்பரத் துறை வேடிக்கை பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், போனில் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். செய்தியில் எந்த வரி தவறு, சரியான தகவல் எது என்று எழுத்தில் கேளுங்கள். தவறு இருந்தால் இதழ் திருத்தம் போடட்டும். இல்லையென்றால் அலுவலகத்தின் விளக்கத்தை அதே பக்கத்தில் போடலாம். எழுத்தில் கேட்டதுமே பாதிக் கோபம் அடங்கிவிடும். நீங்களே நீக்கினால் அடுத்த செய்திக்கும் உங்களுக்குத்தான் போன் வரும்.

அப்புறம் நிரந்தர ஏற்பாடு. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1908இல் தொடங்கியபோதே, வால்டர் வில்லியம்ஸ் டீனாக இருக்க, மாணவர்கள் நிஜமான செய்தித்தாளே நடத்தினார்கள். அதை வெளியிடும் பொறுப்பு பிறகு ஒரு தனிச் சங்கத்திடம் போனது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆசிரியர்கள், மாணவர்கள், வெளியிலிருந்து ஒரு பத்திரிகையாளர் என்று சிறு குழு போதும். அச்சுக்கு முன் செய்தியைப் பார்க்கும் உரிமை அந்தக் குழுவுக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது. இதை விதியாகவே எழுதி வையுங்கள்.

விளம்பரத் துறைக்கு நீங்கள் இன்னமும் இதழியல்காரர்தான். சந்தேகம் இருக்கத்தான் செய்யும். இதழுக்கு விளம்பரம் பிடிக்கும் வேலையை அவர்களுடைய மாணவர்களிடம் கொடுங்கள், மதிப்பெண்ணோடு.