பையன் எப்பப் பாத்தாலும் ஃபுட்பால்தான், படிப்பு போயிடுமோன்னு பயமா இருக்கு, நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க. பையன் பத்தாவதோ பதினொண்ணாவதோ இருப்பான், மார்க் கொறஞ்சிருக்கும், அதான் இந்த பயம். முதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய பிளேயர்லாம் இல்ல, ஸ்டேட் டீம் கேம்ப் வரைக்கும் போயிட்டு பையத் தூக்கிட்டு திரும்பி வந்த லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டர். "நீ யாருய்யா அட்வைஸ் பண்ண"ன்னு கேக்க வர்றவங்களுக்கு இதான் பதில்.

எங்களுக்கு நீலகிரில கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டி விட்ட லைன் வீடு. தாத்தா, சிலோன் தோட்டத் தமிழர்கள்ல பல பேர இந்தியாவுக்கு அனுப்பின 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்துல அங்கிருந்து வந்தவரு. அம்மா கொழுந்து பறிப்பாங்க, அப்பாவுக்கு ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். மூடுபனி இறங்கிடுச்சுன்னா கோல் போஸ்ட் தெரியாது, பந்து சத்தத்த வச்சுதான் ஓடுவோம், அது சரிவுல உருண்டா தேயிலைக்குள்ள இறங்கித் தேடறது கடைசியா வந்தவன் வேலை. ஒரு மழை நாள்ல ஈர பூட்ட அம்மா அடுப்போரமா காய வச்சாங்க, காலைல பாத்தா சோல் வாயப் பொளந்து கெடக்கு. அப்பா திட்டிக்கிட்டே சைக்கிள் டியூப் வெட்டி சொல்யூஷன் போட்டு ஒட்டினாரு. அதப் போட்டுட்டுதான் மாவட்ட செலக்ஷன் ஆடினேன்.

2009 நவம்பர் மண்சரிவுல நீலகிரில 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. வண்டி போகாத எடத்துக்கு எங்க டீம்தான் அரிசி மூட்டை தூக்குச்சு. ஜெர்சியோட போனது விளம்பரத்துக்கு இல்லங்க, மத்த துணியெல்லாம் நனஞ்சிருந்துச்சு.

அடுத்த வருஷம் கோயம்புத்தூர் காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா, ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஃப்ரீ. ஆறாயிரம் அடி உயரத்துல ஓடி வளந்ததால மூச்சு பத்திச்சு, ஆனா அந்த வெயில் இருக்கே, ஹாஃப் டைம்ல கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சுக்கும். எனக்குன்னு அம்மா கட்டிட்டு வந்த சீட்டுப் பணம் மொத்தமும் தங்கச்சி நர்சிங் படிக்கப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவ நான் ஆடின ஒரு மேட்ச் பாத்ததில்ல. கோட்டான்னா குறுக்கு வழின்னு சொல்றவங்க காலைல அஞ்சு மணி பிராக்டிஸ் முடிச்சுட்டு எட்டரை கிளாஸ்ல ஒரு வாரம் உக்காந்து பாருங்க. ரெண்டு அரியர் வச்சேன், மறைக்கல.

இப்ப ஞாயித்துக்கிழமை தோட்டத்துப் பசங்களுக்கு கோச்சிங், ஹோம்வொர்க் நோட்டக் காட்டினாதான் பந்து. ஒருத்தன் போன் வால்பேப்பர்ல செனகல் நாட்டு ஃபுட்பால் பிளேயர் சாடியோ மானே. அவரு சொந்த ஊர் பம்பாலில ஆஸ்பத்திரி கட்டினதச் சொன்னேன், "நீங்க என்னண்ணா கட்டினீங்க"ன்னான். கோல் போஸ்ட்டுக்கு வல கட்டியிருக்கேன்டான்னேன்.

மே மாசம் ஆச்சுன்னா நாங்க ஆடற கிரவுண்ட டூரிஸ்ட் வண்டி பார்க்கிங்குக்கு விட்டுடறாங்க. 2024ல நீலகிரிக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ்னு ஆன்லைன் அனுமதி வந்தது, கூட்டம் கொறையும்னு பாத்தா எங்க கிரவுண்டுல டயர் பள்ளம் அப்படியேதான். ஜூன்ல மம்பட்டி எடுத்து நாங்கதான் சமப்படுத்தணும். கேட்டா "சீசன் தம்பி"ங்கறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கேக்கணும்னா, பையன் எங்க ஆடினாலும் சர்டிஃபிகேட்ட அன்னிக்கே கையோட வாங்குங்க, கையெழுத்து, சீல், தேதி, பேர் ஸ்பெல்லிங் நாலும் இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க. என்னோடது ஒண்ணுல சீல் இல்ல, அதுக்காக மூணு தடவ மலை இறங்கி ஏறினேன், கடைசி வர கிடைக்கல.